அசனுக்கு வலித்த இடம்

முதுகில் வலி தொடங்கிய அன்று நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தாங்க முடியாத வலி என்று சொல்ல முடியாது. அது வந்த இடம்தான் என் வாயை அடைத்துவிட்டது. இடது தோள்பட்டைக்குக் கீழே, முதுகெலும்பை ஒட்டி, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு. என் அண்ணன் அசனுக்கும் அங்கேதான் தொடங்கியது.

நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். அவன் சில நிமிடங்கள் மூத்தவன். எங்களில் இரட்டை ஆண் பிள்ளை பிறந்தால் அசன், உசேன் என்று பெயர் வைப்பது வழக்கம். அத்தாவும் அப்படியே வைத்தார். முகம், குரல், நடை எல்லாம் ஒன்று. பள்ளிக்கூடத்தில் அவன் செய்த சேட்டைக்கு நான் அடி வாங்கியதும் உண்டு, எனக்கு வந்த பரிசை அவன் போய் வாங்கியதும் உண்டு. பெரியவர்களானதும் அவன் சவுதிக்கு லாரி ஓட்டப் போனான். நான் அய்யம்பேட்டையிலேயே தங்கி, ஆழ்குழாய் மோட்டாரும் பைப்பும் விற்கும் கடையைப் பார்த்துக்கொண்டேன்.

அசனுக்கு முதுகு வலித்தபோது யாரும் பயப்படவில்லை. நாளெல்லாம் லாரியில் உட்கார்ந்திருப்பவனுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம், அவனையும் சேர்த்து. விடுமுறையில் ஊருக்கு வந்தான். அண்ணி சபுரா கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார். நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினார். "இப்ப தேவலாம்" என்பான். ஒருநாள் தண்ணீர்க் கேனைத் தூக்கும்போது விலா எலும்பு முறிந்தது. வெறும் கேனைத் தூக்கினால் எலும்பு முறியுமா என்று கேட்டபடிதான் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனோம். எலும்பு மஜ்ஜையில் புற்று என்றார்கள். எலும்புக்குள்ளே ரத்தம் ஊறும் இடம் மஜ்ஜை. அங்கே கெட்ட அணுக்கள் பெருகி எலும்பை உள்ளிருந்தே அரித்துவிடும் நோய். அவனுக்கு வந்தது வேகமான வகை. சம்பா அறுப்பு முடிவதற்குள் அவனை அடக்கம் செய்துவிட்டோம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு விஷயம் நடந்தது. அதை எப்படிச் சொல்வதென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அண்ணி எங்கள் வீட்டின் பின்கட்டில்தான் இருக்கிறார். அவர் மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கணவனை இழந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா காலம் முடிந்து அண்ணி வெளியே நடமாடத் தொடங்கிய சமயம், நான் கடையிலிருந்து வந்து வாசலில் நின்று, "நூரு, கதவத் தொற" என்று என் மனைவியைக் கூப்பிட்டேன். உள்ளே பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணி சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. என் குரல் அவன் குரல். ஒவ்வொரு முறை சவுதியிலிருந்து வரும்போதும் அவன் அப்படித்தான் வாசலில் நின்று கூப்பிடுவான்.

அன்றிலிருந்து நான் வீட்டில் உரக்கப் பேசியதில்லை. வாசலில் நின்று யாரையும் கூப்பிடுவதில்லை. செருப்பைத் தரையில் தேய்த்து ஓசை செய்வேன், நூர்ஜஹான் வந்து திறப்பாள். அசன் எப்போதும் முகம் மழித்திருப்பான். நான் தாடி வளர்த்துக்கொண்டேன். அண்ணி என்னிடம் பேசினாலும் சுவரைப் பார்த்தோ தரையைப் பார்த்தோதான் பேசுவார். நான் அதைத் தவறாக நினைக்கவில்லை. இறந்தவனின் முகம் தினமும் சோறு சாப்பிட வந்தால் யாரால் பார்க்க முடியும்?

இப்படி இரண்டு வருடம் போன பிறகு அந்த வலி வந்தது.

குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வரத் தாமதமான வருடம் அது. விவசாயிகள் எல்லாரும் மோட்டாரை நம்பி நின்றார்கள். கடையில் ஓய்வே இல்லை. மோட்டாரைத் தூக்கியதால் பிடித்திருக்கும் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். ஆனால் அசனும் அப்படித்தானே சொன்னான் என்று உடனே இன்னொரு குரல் கேட்கும். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கித் தின்றேன். பசி குறைந்தது, அவனுக்கும் குறைந்தது. தூக்கம் போனது, அவனுக்கும் போனது. பைப்புக் கழிவை எடை போடும் தராசில் ஏறி நின்று என் எடையைப் பார்ப்பேன். பள்ளிவாசலில் நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவுக்குக் குனிய முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்தேன். பக்கத்தில் தொழுபவர், "என்ன பாய், இந்த வயசுலயே நாற்காலியா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அசனும் அதே வரிசையில் நாற்காலி போட்டுத் தொழுதவன்.

ஒரு பிற்பகல் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது மார்பு இறுகியது. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. இரண்டு கை விரல்களும் மரத்து, உள்பக்கமாக மடங்கிக்கொண்டன. மோட்டார் வாங்க வந்திருந்த விவசாயி செல்வராசுதான் என்னைத் தன் காரில் படுக்கவைத்துத் தஞ்சாவூருக்கு ஓட்டினார். வழியெல்லாம், "ஒண்ணுமில்ல பாய், ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் குரல்தான் நடுங்கியது.

அவர் கொண்டுபோய் நிறுத்தியது அசன் இறந்த அதே மருத்துவமனை. அவருக்கு அது தெரியாது. அவசரப் பிரிவு எங்கே இருக்கிறதோ அங்கே நிறுத்தினார்.

மார்பில் ஒயர்களை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் துடிக்கும் விதத்தைக் கோடுகளாகக் காகிதத்தில் வரையும் சோதனை அது. கோடுகள் ஒழுங்காக இருக்கின்றன, மாரடைப்பு இல்லை என்றார்கள். இருந்தாலும் சில நாள் இருந்து சோதனைகள் செய்யட்டும் என்று மூன்றாவது மாடிக்கு அனுப்பினார்கள். லிப்ட் கதவு திறந்ததும் எனக்குக் கால் வரவில்லை. அதே நடைபாதை. அதே பினாயில் நெடி. கோடியில் ரயில் பாதையைப் பார்த்த ஜன்னல். அங்கே நின்றுகொண்டுதான் அசன், "கும்பகோணம் வண்டி போவுதுடா" என்று கடைசியாகச் சிரித்தான்.

நூர்ஜஹான் என் கையைப் பிடித்தாள். "வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமாங்க?"

"வேணாம்" என்றேன். வேறு எங்கே போனாலும் அந்த நடைபாதை என்னோடு வரும் என்று தோன்றியது.

மறுநாள் காலை மருத்துவர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. அவசரமில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் அசனைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

"ஒரே கருவுல பொறந்ததால ஒரே நோய் வரணும்னு இல்லீங்க" என்றார். "ஆனா நான் வாயால சொன்னா உங்க மனசு கேக்காது. எனக்கும் பாக்காம சொல்ல விருப்பமில்ல. எல்லாத்தையும் பாத்துடுவோம்."

ரத்தம் எடுத்தார்கள். ஒரு சோதனை, ரத்தம் கண்ணாடிக் குழாயில் எவ்வளவு வேகமாக அடியில் படிகிறது என்று பார்ப்பது. உடம்புக்குள் எங்கேயாவது அழற்சி இருந்தால் அது வேகமாகப் படியுமாம். இன்னொன்று, ரத்தத்தில் உள்ள புரதங்களை வகை பிரித்துப் பார்ப்பது. அசனுக்கு நோயைக் காட்டிக்கொடுத்தது அந்தச் சோதனைதான். அதன் முடிவு வெளியூரிலிருந்து வரவேண்டும், காத்திருக்கவேண்டும் என்றார்கள்.

அன்று மாலையே முதுகெலும்புக்கு ஸ்கேன். காந்தத்தை வைத்து உள்ளே படம் எடுக்கும் இயந்திரம். ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து உள்ளே தள்ளினார்கள். அசையக்கூடாது. உள்ளே சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. கண்ணை மூடினேன். அசன் இதே குழாயிலிருந்து வெளியே வந்தபோது, "கபுருக்குள்ள படுத்து, மேல யாரோ மண்ணு வெட்டுற மாதிரி இருந்துச்சுடா" என்று சொன்னான். நான் அப்போது அவனை அதட்டினேன், அப்படியெல்லாம் பேசாதே என்று. இப்போது அந்தச் சத்தத்தின் நடுவே, எனக்கு முன்னால் இங்கே படுத்திருந்தவனின் உடம்புச் சூடு இன்னும் முதுகுக்குக் கீழே இருப்பதுபோல இருந்தது. யா அல்லா, யா அல்லா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

காத்திருந்த அந்த நாட்களைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய இல்லை. பகலில் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருப்பவர்களைப் பார்ப்பேன். எல்லார் மடியிலும் ஒரு பெரிய ஸ்கேன் உறை. உறையைத் திறக்காமல் தடவிக்கொண்டே இருப்பார்கள். நூர்ஜஹான் கஞ்சி வைத்துக் கொண்டுவருவாள். நான் இரண்டு கரண்டி குடித்துவிட்டுப் போதும் என்பேன். மீதியைப் பக்கத்துக் கட்டில் பெரியவருக்குக் கொடுப்பாள். திருவையாற்றுப் பக்கத்து வாழைக் கொல்லைக்காரர் அவர். கஞ்சியைக் குடித்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இருக்காது தம்பி. இப்படிக் கஞ்சி வச்சுக் குடுக்கறவங்க புருஷனை அவ்வளவு சுலபமா விட்டுடமாட்டாங்க" என்றார். அன்று அதைக் கேட்டு நூர்ஜஹான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

குளியலறைக் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நோயில் கிடந்தபோது மழிக்க முடியாமல் அசனுக்கும் தாடி வளர்ந்திருந்தது. அவனைப்போல் இருக்கக்கூடாது என்று நான் வளர்த்த தாடியே இப்போது என்னை அவனாக்கி வைத்திருந்தது.

கடைசியில் மருத்துவர் எல்லா முடிவுகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். நூர்ஜஹானும் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தார்.

"ரெண்டு பேரும் கேளுங்க. புரதச் சோதனை சுத்தமா இருக்கு. எலும்பு நல்லா இருக்கு. ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. உங்க அண்ணனுக்கு வந்த நோய் உங்களுக்கு இல்ல."

நூர்ஜஹான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. "அப்ப இந்த வலி? பொய்யா?" என்று கேட்டேன்.

"வலி நிசம்தான்" என்றார். என் தோளில் விரலை வைத்து அழுத்தினார். துள்ளிவிட்டேன். "பாருங்க, தசை கயிறு முறுக்கின மாதிரி இருக்கு. பயந்தா தோள் தூக்கிக்கும். மாசக் கணக்கா தூக்கிக்கிட்டே இருந்தா தசைக்கு ரத்தம் சரியாப் போகாது, வலிக்கும். வலிச்சா பயம். பயந்தா தூக்கமில்ல. தூங்காத ஒடம்புக்குச் சின்ன வலியும் பெருசாத் தெரியும். அன்னிக்குக் கடைல கை மடங்கிக்கிச்சில்ல, அது நீங்க வேகவேகமா மூச்சு வாங்கினதால." கொஞ்சம் நிறுத்தி, "வீட்ல எப்படிங்க இருப்பீங்க? சத்தமாப் பேசுவீங்களா?" என்றார்.

"மெதுவாத்தான் பேசுவேன்."

"எப்பவுமே அப்படியா?"

நூர்ஜஹான்தான் சொன்னாள், "அவங்க அண்ணன் போனதுலேருந்துங்க."

மருத்துவர் தலையசைத்துவிட்டு, வீட்டில் செய்யவேண்டியதை வரிசையாகச் சொன்னார். காலையும் மாலையும் வலிக்கும் இடத்தில் சூடான ஒத்தடம். தோளையும் கழுத்தையும் மெதுவாகச் சுழற்றுவது. வலி தாளாத இடத்துக்குப் போகக்கூடாது. மல்லாந்து படுத்து வயிற்றில் கை வைத்து, வயிறு எழும்படி மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுவது. தினமும் நடை. சாயங்காலத்துக்குமேல் டீ வேண்டாம். கண்டபடி வலி மாத்திரை வேண்டவே வேண்டாம், வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். "காய்ச்சல் வந்தாலோ, எடை குறைஞ்சிக்கிட்டே போனாலோ, கால் மரத்தாலோ வீட்ல வச்சுக்காம உடனே வாங்க" என்றும் சொன்னார்.

வேறு எவருக்கும் அது நல்ல செய்தி. எனக்கு அந்த ஒரு சொல்தான் காதில் நின்றது. ஒத்தடம்.

வீட்டுக்கு வந்த மாலையே நூர்ஜஹான் உப்பை வறுத்துவிட்டாள். சூடான உப்பின் வாசம் சமையலறையிலிருந்து அறைக்கு வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அசன் குப்புறப் படுத்துக்கொண்டு "இப்ப தேவலாம்" என்று சொன்ன வாசம் அது. அவன் எலும்பு உள்ளே பொடிந்துகொண்டிருந்தபோது நாங்கள் வெளியே உப்பு மூட்டை வைத்த வாசம்.

"கொண்டுபோ" என்றேன்.

"டாக்டர் சொன்னாங்கல்ல?"

"அவனுக்கும் இதத்தான செஞ்சோம். கொண்டுபோ நூரு."

அவள் தட்டோடு நின்றாள். வற்புறுத்தவில்லை. எடுத்துப்போய்விட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். வெந்நீர்ப் பை வாங்கி வந்தாள், அதையும் தொடவில்லை. நடக்கப் போனேன், மூச்சுப் பயிற்சி செய்ய முயன்றேன். வயிற்றில் கை வைத்து மூச்சு விட்டால், விடும் மூச்சு அவனுடைய கடைசி நாள் மூச்சாகக் கேட்டது. எழுந்து உட்கார்ந்துவிடுவேன். சோதனை முடிவு தவறாக இருக்குமோ, ரத்தம் எடுத்த குழாய்கள் மாறியிருக்குமோ என்று எண்ணம் போகும். வலி கூடியது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்து கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தேன். நூர்ஜஹான் தட்டில் உப்பு மூட்டையோடு வந்து நின்றாள். நான் வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். அப்போது பின்கட்டுக் கதவு திறந்து சபுரா அண்ணி வந்தார். கூடத்தின் நடுவில் நின்றார். எல்லாவற்றையும் அவர் உள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"தம்பி" என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"ஏன் வேணாங்கறீங்கன்னு எனக்குத் தெரியும். அந்த உப்ப வறுத்தது நான்தான்."

"அண்ணி, நான் உங்களச் சொல்லல."

"நீங்க சொல்ல மாட்டீங்க. நானே என்னைய எத்தனையோ நாள் கேட்டிருக்கேன். உப்பு வச்சுக்கிட்டே நாள ஓட்டிட்டோமோன்னு." நிறுத்தினார். முந்தானையைச் சரிசெய்தார். "பெரிய டாக்டரையும் கேட்டேன். உங்க அண்ணன அடக்கம் பண்ணதுக்கு அப்புறம் தனியாப் போயிக் கேட்டேன், யாருக்கும் சொல்லல. இந்த வகை அப்படித்தாம்மா, வலி வந்தப்பவே எலும்பெல்லாம் பரவியிருந்துச்சுன்னு சொன்னாரு. நான் நம்பல. ரொம்ப நாள் நம்பல."

நூர்ஜஹான் தட்டைத் தரையில் வைத்தாள்.

"அப்புறம் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு தம்பி. ஆஸ்பத்திரில அத்தனை ஊசி போட்டாங்க, அத்தனை மருந்து ஏத்துனாங்க. ஒண்ணுக்குக்கூட அவங்க நல்லாருக்குன்னு சொன்னதில்ல. ஒத்தடம் குடுக்கறப்ப மட்டும்தான் சொன்னாங்க. கடைசி வாரம்கூட நர்சம்மாகிட்ட கேட்டு, வெந்நீர்ல துணிய நனைச்சு வச்சேன். கண்ண மூடிட்டு அப்படியே படுத்திருந்தாங்க. நோவு அவங்களக் கொண்டுபோச்சு. ஒத்தடம் கொண்டுபோகல. அவங்களுக்கு என்னால செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான். அதப்போயி நீங்க வெசம் மாதிரி பாத்தா, நான் எதத்தான் வச்சுக்குவேன்?"

இதைச் சொல்லும்போது அவர் சுவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல் முறை. அந்தப் பார்வையில் யாரைத் தேடினார், யாரைக் கண்டார் என்று எனக்குத் தெரியாது. நான் தலையைக் குனியாமல் இருந்தேன். அவர் பார்த்து முடிக்கும்வரை அப்படியே இருந்தேன். பிறகு நூர்ஜஹானிடம், "ரொம்பச் சூடா இருக்கும், முதல்ல ஒன் கைல வச்சுப் பாத்துட்டு வையி" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார்.

நான் குப்புறப் படுத்தேன். நூர்ஜஹான் மூட்டையைத் தன் முழங்கையில் ஒற்றிப் பார்த்துவிட்டு அந்த இடத்தில் வைத்தாள். சூடு தோலில் பட்டு மெதுவாக உள்ளே இறங்கியது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். எதற்கு அழுகிறேன் என்று அவள் கேட்கவில்லை. ஆறியதும் எடுத்துப்போய்ச் சூடு பண்ணி வந்தாள். அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தூங்கிப்போனேன். விடியற்காலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதுதான் விழித்தேன்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. வலி சில நாள் குறையும், சில நாள் திரும்ப வரும். வந்த நாட்களில் பயமும் கூடவே வரும். ஆனால் என்ன செய்யவேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. ஒத்தடம், பிறகு தோளைச் சுழற்றுவது, பிறகு குடமுருட்டி ஆற்றங்கரையில் நடை. ஆற்றில் தண்ணீர் வந்தபிறகு நடை நீண்டது. மோட்டார்களைத் தூக்க ஆள் வைத்துக்கொண்டேன். சம்பா நடவு முடிந்த சமயம் பள்ளிவாசலில் நாற்காலியை விட்டுத் தரையில் தொழுதேன். நெற்றி பாயில் பட்டபோது முதுகு பிடித்தது. ஆனால் பொறுக்கக்கூடிய பிடிப்பு. மருத்துவர் மறுபடி ரத்தம் பார்த்தார், சுத்தமாக இருந்தது. "வருசத்துக்கு ஒருதடவை வந்து பாத்துக்குங்க. என் மன நிம்மதிக்கு இல்ல, உங்க நிம்மதிக்கு" என்றார்.

அசன் போய்விடவில்லை. லிப்ட் கதவு திறக்கும்போது இப்போதும் எனக்குக் கால் தயங்குகிறது. கண்ணாடியில் சில காலைகளில் அவன்தான் நிற்கிறான். முன்பு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது தாடியை ஒதுக்கிக்கொண்டே கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

சென்ற மாதம் ஒரு நாள் பகல் சாப்பாட்டின்போது அண்ணி அலமாரியிலிருந்து ஊறுகாய் ஜாடியை எடுக்கப் போனார். வலது கையைத் தூக்கியவர் பாதியில் நிறுத்தி, இடது கையால் எடுத்தார். நான் பார்த்துவிட்டேன்.

"எத்தன நாளா அண்ணி?"

"என்ன?"

"தோளு."

அவர் ஜாடியைத் தரையில் வைத்தார். "அவங்க போனதுலேருந்துதான் தம்பி. அது கெடக்கு."

"கெடக்கட்டும்னு விட வேணாம். நாளைக்குத் தஞ்சாவூர் போறோம். முதல்ல பாத்துடுவோம். அப்புறம் மத்ததெல்லாம்."

மறுத்துப் பார்த்தார். நூர்ஜஹான் விடவில்லை. அதே மூன்றாவது மாடி, அதே மருத்துவர். அண்ணி அந்த நடைபாதையில் நடக்கும்போது நூர்ஜஹானின் கையை இறுகப் பிடித்திருந்தார். நான் பின்னால் வந்தேன். படம் எடுத்துப் பார்த்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். பயப்படும்படி எதுவும் இல்லை. தோள் மூட்டு இறுகிப்போயிருக்கிறது, பயிற்சியும் ஒத்தடமும் போதும், நாளாகும் என்றார் மருத்துவர்.

திரும்பி வந்த மாலை நூர்ஜஹான் பின்கட்டில் அண்ணியைப் படுக்கவைத்தாள். நான் சமையலறையில் இருந்தேன். இரும்புச் சட்டியில் கல் உப்பைக் கொட்டி அடுப்பில் வைத்தேன். உப்பு வெடித்துப் பொரியும்வரை கிளறி, துணியில் கொட்டி முடிந்து, கதவருகே வைத்தேன். நூர்ஜஹான் எடுத்துப்போனாள். பிறகு கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழுகை கேட்டது. அசனை அடக்கத்துக்கு எடுத்தபோதுகூட அண்ணி வாய்விட்டு அழவில்லை. இப்போது பெரிய குரலெடுத்து, மூச்சு முட்ட, அவன் பெயர் சொல்லி அழுதார்.

நூர்ஜஹான் ஆறிய மூட்டையைக் கதவிடுக்கில் நீட்டினாள். வாங்கிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தேன். அழுகை நிற்கும்வரை ஒன்று மாற்றி ஒன்று சூடாக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.